கடல் கடந்த வீட்டில் கிறிஸ்துமஸ்

சொந்த ஊரை விட்டு வெளியூரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மற்ற நாட்கள் எப்படியும் கழிந்துவிடும். பண்டிகை நாள்தான் கஷ்டம். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து எந்தக் கடையில் கிடைக்கும், கார்த்திகைக்கு அகல் விளக்கு எங்கே வாங்குவது, ஆடிப் பதினெட்டுக்கு எந்த ஆற்றைத் தேடிப் போவது என்று நம்மில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது விசாரித்திருப்போம். இதே சங்கடம், நார்வே தேசத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்து ஆயுட்காலத்தின் பெரும் பகுதியை இங்கேயே கழித்த மிஷனெரிக் குடும்பங்களுக்கும் ஏற்பட்டது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் எப்படிப்பட்டது, அதில் எது கப்பலேறி வர முடிந்தது, எது வர முடியவில்லை என்பதைப் பற்றிச் சில விஷயங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன். மதப் பிரசாரத்தின் நன்மை தீமைகளைப் பற்றிய விவாதம் வேறு. அதில் நான் இறங்கப் போவதில்லை.

முதலில் அந்தப் பண்டிகையை அதன் சொந்த மண்ணில் பார்த்துவிட வேண்டும். நார்வேக்காரர்கள் அதைக் கிறிஸ்துவின் பெயரால் அழைப்பதில்லை. 'யூல்' என்கிறார்கள். கிறிஸ்தவ மதம் அங்கே பரவுவதற்கு முன்பே நடு மாரிக்காலத்தில் நடந்து வந்த ஒரு விழாவின் பெயர் அது. 10-ஆம் நூற்றாண்டில் ஹாக்கன் என்ற மன்னன் அந்தப் பழைய விழாவைக் கிறிஸ்து பிறப்பு நாளோடு ஒன்றுபடுத்தச் சட்டம் செய்தான் என்று ஐஸ்லாந்துச் சரித்திர ஆசிரியர் ஸ்நோரி எழுதி வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் பெயர்களில் ஒரு மோகம் உண்டு. வட இந்தியாவில் இந்தப் பண்டிகைக்குப் 'படா தின்', அதாவது பெரிய நாள், என்று பெயர். ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல்களை ஒட்டி வரும் நாளுக்குப் பெரிய நாள் என்ற பெயர் வாய்த்தது வேடிக்கைதான். யாழ்ப்பாணத் தமிழர்கள் 'நத்தார்' என்பார்கள். அது போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். அதைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

நார்வேயில் டிசம்பர் என்றால் இருட்டு. தலைநகரமான ஓஸ்லோவிலேயே அந்த மாதத்தின் பிற்பகுதியில் பகல் ஏறக்குறைய 6 மணி நேரந்தான். வடகோடியிலுள்ள துரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நண்பகலில் சிறிது நேரம் நீல நிறமான ஒரு மங்கல் வெளிச்சம் தோன்றி மறைந்துவிடும். ஆகையால் அங்கே பண்டிகையின் உயிர்நாடி விளக்கு. பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவத்திகளை ஏற்றிக்கொண்டே வருவார்கள். ஜன்னல் தோறும் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரியும். திருக்கார்த்திகையில் வாசற்படியில் அகல் வைத்துப் பழகிய நமக்கு இதை விளங்கிக்கொள்வதில் சிரமம் இல்லை.

பண்டிகை 25-ஆம் தேதி என்று நாம் எண்ணுகிறோம். அவர்களுக்கு அது 24-ஆம் தேதி மாலையிலேயே வந்துவிடுகிறது. பிற்பகலில் கோவிலுக்குப் போய்த் திரும்புவார்கள். மாலை 5 மணிக்கு ஊர்க் கோவில் மணிகள் ஒலிக்கும். அதுதான் பண்டிகை பிறந்ததற்கு அடையாளம். பிறகு தெருவில் ஒருவரைக் காண முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தார் மட்டும் உணவருந்துவார்கள். அதன் பிறகு அலங்கரித்த மரத்தைச் சுற்றிப் பெரியவர்களும் குழந்தைகளும் கைகோத்து வட்டமாக நடந்து பாடுவார்கள். நம் கும்மியை நினைவூட்டும் காட்சி, கைதட்டுதல்தான் இல்லை. இந்த மரம் ஜெர்மனியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில்தான் நார்வே வீடுகளுக்குள் வந்தது. குருவிகளுக்கென்று ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றை வெளியே கம்பத்தில் கட்டி வைக்கும் வழக்கம் அதைவிட நாட்டுப்புறத் தன்மை வாய்ந்தது. உறைபனியில் தீனி கிடைக்காமல் தவிக்கும் பறவைகளுக்குப் பண்டிகைப் பங்கு அது.

இனிச் சாப்பாட்டு விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. நார்வேயின் மேற்குப் பகுதியில் உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவை, பூர்ச்ச மரக் குச்சிகளைப் பாத்திரத்தின் அடியில் அடுக்கி அதன்மேல் வைத்து ஆவியில் வேக வைப்பார்கள். கிழக்கே பன்றி விலா. கடற்கரையோரத்தில் மீன்; அதிலும் கருவாட்டைக் காரநீரில் ஊற வைத்துக் கூழ் போல் இளக்கிச் சமைக்கும் ஒரு பதார்த்தம் உண்டு; அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். இவையெல்லாம் அந்த மண்ணின் பொருள்கள். ஆனால் குழந்தைகள் ஆவலோடு எதிர்பார்ப்பது என்ன தெரியுமா? அரிசிக் கஞ்சி! பாலில் குழைய வேக வைத்து, வெண்ணெயும் சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவி, அதற்குள் ஒரே ஒரு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பார்கள். அது யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்குப் பரிசு. நாட்டுப்புறத்தில் தொழுவத்தைக் காக்கும் குட்டிப் பூதத்துக்கும் ஒரு கிண்ணம் படைப்பதுண்டு. நெல் விளையாத தேசத்தில் அரிசி விலை கொடுத்து வருவிக்க வேண்டிய பண்டம். அதனால்தான் அது பண்டிகைக்கு உரியதாயிற்று.

பலகாரமும் அப்படியே. ஏழு வகைப் பலகாரம் செய்யாத வீடு பண்டிகை கொண்டாடிய வீடு ஆகாது என்பது நார்வே இல்லத்தரசிகளின் பழங்கணக்கு. அவற்றுள் ஒன்றுக்கு 'மிளகு அப்பம்' என்றே பெயர். பெயருக்கேற்ற காரம் இப்போது இஞ்சி, பட்டை, கிராம்பிலிருந்து வருகிறது. இன்னொன்று 'ஏழையின் பலகாரம்'; அதற்கு மணம் ஏலக்காய். கிறிஸ்துமஸ் ரொட்டிக்கும் ஏலக்காய்தான். ஆக, வடதுருவத்தை ஒட்டிய ஒரு தேசத்தின் பண்டிகை வாசனை மேற்குத் தொடர்ச்சி மலையின் வாசனை! இன்றைக்கு உலகச் சந்தையில் ஏலக்காய் அதிகம் அனுப்புவது குவாத்தமாலா என்பது உண்மை. ஆனாலும் அந்தச் செடியின் பூர்விகம் நம் மலைகளே.

மற்றொரு பலகாரம் தமிழ்நாட்டுச் சமையலறையை அறிந்த எவரையும் திடுக்கிட வைக்கும். நீண்ட காம்புள்ள பூ வடிவ இரும்பு அச்சைக் காய வைத்து, முட்டை கலந்த மாவுக் கரைசலில் தோய்த்து, கொதிக்கும் நெய்யில் அமிழ்த்தினால் மாவு அச்சிலிருந்து கழன்று பூப்போல மிதக்கும். நமது அச்சு முறுக்கு! நார்வேயில் இதற்கு 'ரோசெட்' என்று பெயர். யார் யாரிடம் கற்றார்கள் என்று நான் ஊகம் செய்யப் போவதில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எண்ணெய்ச் சட்டி ஏறும்போது, பூமியின் மறுகோடியிலும் அதே அச்சு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மிளகு எப்படி அங்கே போயிற்று? அதற்குத் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள் என்று பாட புத்தகங்கள் சொல்லும். அது பாதி உண்மை. 1814 வரையில் டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தன. ஆகவே தரங்கம்பாடியில் பறந்த கொடி நார்வேக்காரர்களுடைய அரசனின் கொடியும் ஆகும். பீட்டர் ஆங்கர் என்ற கவர்னர் 1806 வரை ஏறக்குறைய 18 ஆண்டுகள் அங்கே ஆட்சி புரிந்தார். அவர் பிறப்பால் நார்வேக்காரர். தமிழ்நாட்டுக் காட்சிகளைச் சித்திரமாகத் தீட்டுவதில் அவருக்குப் பிரியம் அதிகம். அவர் சேகரித்துச் சென்ற பொருள்கள் இன்று ஓஸ்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். அவரை அனுப்பியவரோ டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசரான நான்காம் பிரெடரிக். முந்திய நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறிய சீகன்பால்குவுக்கு அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நடுக்கடலில் கழிந்தது. 1714-இல் கோபன்ஹேகனில் இந்த ஊழியத்தை மேற்பார்க்க ஒரு மிஷன் கல்லூரியை அரசர் ஏற்படுத்தினார். கல்லூரி என்றாலும் பாடம் நடத்தும் இடமன்று. அலுவலகம் என்று சொல்வதே பொருந்தும். அந்த ஒரே அலுவலகம் ஒரு பக்கம் தரங்கம்பாடித் தமிழருக்கும், மறுபக்கம் நார்வேயின் வடகோடிச் சாமி இனத்தாருக்கும் ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தது. 1721-இல் ஹான்ஸ் எகெடே என்ற நார்வே நாட்டுப் பாதிரியார், மனைவி ஜெர்ட்ரூட் ராஸ்க்கையும் நான்கு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிரீன்லாந்தின் பனிப்பாறைகளுக்கிடையே குடியேறியதும் அதே அரசரின் காலத்தில். ஒரே மேஜைமீது காவிரிக் கழிமுகத்திலிருந்து ஒரு கடிதமும் பனிக்கடலிலிருந்து ஒரு கடிதமும் வந்து கிடந்த நாட்களை, கோப்புகளோடு காலங்கழிக்கும் என்னைப் போன்றவர்கள் கற்பனை செய்து பார்க்காமல் இருக்க முடியாது. கப்பல் வந்து சேர ஏழெட்டு மாதம் ஆன அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து உரிய நாளில் கிடைக்க வேண்டுமென்றால் வசந்த காலத்திலேயே அதை எழுதி அனுப்பியிருக்க வேண்டும்.

நார்வேக் குடும்பங்கள் இந்தியாவில் நிலையாக வேரூன்றியது இன்னும் பிற்காலத்தில், வேறோர் இடத்தில். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் தும்காவை அடுத்த பெனகரியா என்ற ஊரில் 1867-இல் ஒரு மிஷன் நிலையம் தோன்றியது. தோற்றுவித்தவர்களுள் முக்கியமானவர் லார்ஸ் ஸ்கிரெப்ஸ்ரூட். இவர் 1840-இல் லில்லஹாமர் நகருக்கு அருகே பிறந்தவர். இளமையில் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்று, அந்தச் சிறையிலேயே அந்நிய மொழிகளைக் கற்றுக்கொண்ட விசித்திரமான மனிதர். கூட இருந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த போரெசனும் அவருடைய மனைவி கரோலினும். இவர்கள் ஊழியம் செய்தது சந்தால் பழங்குடி மக்களிடையே. 1873-இலேயே ஸ்கிரெப்ஸ்ரூட் சந்தாலி மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டார். அவருக்குப் பின் 1890-இல் வந்த பால் ஓலாப் போடிங் தொகுத்த சந்தாலி அகராதி ஐந்து பெரும் பகுதிகளாக 1936-இல் நிறைவெய்தியது. அகராதிப் பணி என்னவென்று ஓரளவு அறிந்தவன் என்ற முறையில், அந்த மனிதருக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

பெனகரியாவில் டிசம்பர் மாதம் இனிமையான காலம். அறுவடையான வயல்கள், பகலில் இதமான வெயில், இரவில் போர்வை கேட்கும் குளிர். நார்வேயிலிருந்து வந்த ஒரு தாய் அங்கே பண்டிகைக்கு ஆயத்தம் செய்வதாக வைத்துக்கொள்வோம். இருட்டு இல்லை, ஆகவே ஜன்னல் விளக்குக்கு அவசியமே இல்லை. பனி இல்லை, குருவிகளுக்குத் தீனிப் பஞ்சமும் இல்லை. ஊசியிலை மரம் சால் காட்டில் முளைப்பதில்லை. கடல் மீன் பல நாள் பயண தூரத்தில் இருக்கிறது. ஊரில் பண்டிகையின் அஸ்திவாரமாக இருந்தவை எல்லாம் இங்கே இல்லை. மாறாக, ஊரில் விலையுயர்ந்த வெளிநாட்டுச் சரக்காக இருந்த அரிசி, இலவங்கப்பட்டை, ஏலம், இஞ்சி எல்லாம் பக்கத்துச் சந்தையில் கிடைக்கின்றன. அரிசிக் கஞ்சியை எளிதில் வைத்துவிடலாம். ஆனால் தினமும் சோறு உண்ணும் ஊரில் அது விசேஷ உணவு என்று பிள்ளைகளுக்கு எப்படி உணர்த்துவது? எல்லோரும் அன்றாடம் உண்பதைப் பண்டிகை என்று சொல்லிப் பரிமாறுவது லேசான காரியமன்று.

பாட்டு மட்டும் எடை இல்லாத சாமான். அது கப்பல் கட்டணம் கேட்காது. மரம் எதுவாயினும் அதைச் சுற்றிப் பாடலாம். ஸ்கிரெப்ஸ்ரூட் இதில் இன்னும் ஒரு படி முன்னே போனார். சந்தால் மக்களின் மெட்டுக்களையே எடுத்துக்கொண்டு அவர்கள் மொழியில் பக்திப் பாட்டுக்கள் இயற்றினார். தமிழ்நாட்டிலோ இந்த வேலையை நம்மவர்களே செய்துவிட்டார்கள். தரங்கம்பாடி ஊழியத்துக்கென 1750-இல் வந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), தஞ்சையில் சரபோஜி மன்னருடன் ஒன்றாகப் படித்தவர். இராகமும் தாளமும் அமைந்த அவருடைய கீர்த்தனைகள் இன்றும் கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனையில் ஒலிக்கின்றன. வந்தவர்களின் பண்டிகை இங்குள்ளவர்களின் பண்டிகையாக மாறியது இப்படித்தான். 24-ஆம் தேதி மாலையை விட்டுவிட்டு, மார்கழிப் பழக்கத்தை ஒட்டி இருள் பிரியுமுன் எழுந்து கோவிலுக்குப் போவது நம் ஊர்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் வேரூன்றிவிட்டது.

இந்தக் குடும்பங்கள் கொடுத்த பெரிய விலை குழந்தைகள். பள்ளி வயது வந்ததும் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவது அக்கால மிஷனெரிகளிடையே பரவியிருந்த வழக்கம். 1842-இல் தொடங்கிய நார்வே மிஷன் சங்கம், ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருந்த தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஸ்தவாங்கர் நகரில் சோல்பாக்கன் என்ற இல்லத்தையே நடத்தி வந்தது. இங்கே பிறந்து, விளையாட்டுத் தோழரின் மொழியைப் பேசி, வெயிலில் ஓடி வளர்ந்த சிறுவனுக்கு அந்த இருட்டும் பனியுமே அந்நியம். அவன் 'சொந்த' கிறிஸ்துமஸை முதன்முதலாகக் கண்டபோது பக்கத்தில் பெற்றோர் இல்லை. பெற்றோரோ, பிள்ளை இல்லாத மேஜையில் வாதுமைப் பருப்பை யாருக்காக ஒளிப்பது? பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது ஒருவரையொருவர் அடையாளம் காணவே தடுமாறிய குடும்பங்கள் இருந்தன. வீரச்செயல்களைப் புகழும் மிஷன் வரலாறுகள் இந்தப் பக்கத்தை நெடுங்காலம் வேகமாகப் புரட்டிவிட்டன என்றே நான் நினைக்கிறேன்.

வெளிநாட்டிலுள்ள தம் மக்களுக்குப் பண்டிகையைக் கொண்டு சேர்ப்பதில் நார்வேக்காரர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் அல்லர். 1864-இல் பெர்கன் நகரில் ஏற்பட்ட மாலுமிகள் மிஷன், அந்நியத் துறைமுகங்களில் கோவிலும் படிப்பறையும் காப்பியும் வைத்து, வீட்டை விட்டு வந்த கப்பல் தொழிலாளரை அமர்த்தியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர்களுடைய மன்னரே 1940 முதல் 1945 வரை லண்டனில் அகதி. அந்த நன்றிக்காக 1947 முதல் ஆண்டுதோறும் ஓஸ்லோ நகரம் லண்டனின் டிரபால்கர் சதுக்கத்துக்கு ஒரு பெரிய மரத்தை அனுப்பி வருகிறது.

இப்போது படத்தைத் திருப்பிப் பார்ப்போம். 1956-இல் யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் நார்வே போய்ச் சேர்ந்தார். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, நார்வே நண்பர்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்ற நிறுவனத்தை 1967-இல் தொடங்கினார். அவர் வகுத்த பாதையில் மாணவர்கள் சென்றார்கள். 1983-க்குப் பின் அகதிகள் சென்றார்கள். அவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளில். பனை மரத்தின் நிழலிலிருந்து போனவர்கள் சூரியனே எழாத ஊரில் நத்தார் கொண்டாட நேர்ந்தது. 24-ஆம் தேதி மாலை தெருவே வெறிச்சோடி, ஒவ்வொரு வீடும் தன் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, உறவினர் சூழப் பண்டிகை கண்டு பழகிய தமிழனுக்கு அது எத்தகைய தனிமையாக இருக்கும்! அந்த மாலையில் ஒரு நார்வேக் குடும்பம் அந்நியனை மேஜைக்கு அழைத்தது என்றால் அது சாதாரண உபசாரம் அன்று; தங்கள் வழக்கத்தின் கதவையே அவனுக்காகத் திறந்தார்கள் என்று பொருள். லுத்தரன் தேசமான நார்வேயில் கத்தோலிக்கர் சிறுபான்மையோர். இன்று அவர்களுடைய ஆலயங்களில் போலந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் மக்களோடு தமிழரும் நிறைந்திருக்கிறார்கள். தமிழிலேயே பூசையும் நடக்கிறது.

நாம் வாழும் பெங்களூருக்கு வருவோம். 1809-இல் இங்கே கண்டோன்மென்ட் அமைந்தபோது, சென்னைப் படைகளோடும் அவற்றுக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர் திரளாக வந்தார்கள். சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தின் இன்றைய கோபுரக் கட்டடம் 1882-இல் நிறைவெய்தியது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அங்கே பூசை உண்டு. டிசம்பரில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். ஊசியிலை மரம் வேண்டுமென்றால் நாற்றுப்பண்ணையில் தொட்டியோடு அராக்கேரியா கன்று கிடைக்கும். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சவுக்குக் கிளையே போதும் என்பார்கள்.

எங்கள் குடியிருப்பில் கிறிஸ்துமஸுக்கு முன் வாரம் வீடு வீடாகப் பாடி வரும் இளைஞர் குழு ஒன்று உண்டு. அவர்களில் அநேகருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பாட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தமிழ்க் கீர்த்தனைகளைச் சிலர் கன்னட எழுத்திலும் சிலர் ஆங்கில எழுத்திலும் எழுதி வைத்திருந்தார்கள். 'ழ'கரத்தை மட்டும் எப்படி எழுதுவதென்று தெரியாமல் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள்; அந்த எழுத்து வந்த இடத்தில் எல்லாம், குழுவின் மூத்த பெண்மணி ஒருவர் சற்று உரத்த குரலில் முன்னே பாட, மற்றவர்கள் அவரைப் பின்பற்றிப் பாடினார்கள்.